துப்புக்குச் சன்மானம் தர்மமா?

ஹவுரா ரயில் நிலையத்தின் பழைய கட்டடத்தில் பெரிய கடிகாரம் ஒன்று உண்டு. ஊரிலிருந்து வருபவரைச் சந்திக்க வேண்டுமானால், “கடிகாரத்தடியில் நில்” என்று சொல்லி அனுப்புவது வங்காளிகளிடையே தலைமுறைகளாக இருந்துவரும் வழக்கம். 1854-ஆம் ஆண்டு ஹூக்ளிக்கு முதல் வண்டி புறப்பட்ட இடம் அது. இன்று காணும் செங்கல் கட்டடம் 1905-ல் எழுந்தது. பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, வடவங்காளம் என்று நாற்புறமிருந்தும் வண்டிகள் அங்கே வந்து சேர்கின்றன. மேற்கேயும் தெற்கேயும் வண்டிகள் புறப்படுகின்றன. கடிகாரத்தடியில் காத்திருப்போரில் பெரும்பாலோர் தம் உறவினரைத் தேடி வந்தவர்கள். சிலர் மட்டும், தமக்கு உறவல்லாத ஒரு சிறுவனையோ சிறுமியையோ எதிர்பார்த்து நிற்பவர்கள்.

மனிதரைக் கடத்துவது என்றதும் வாயைப் பொத்தி, கையைக் கட்டி இழுத்துச் செல்லும் காட்சிதான் மனத்தில் தோன்றும். ஹவுரா வழியே நடப்பது பெரும்பாலும் அப்படியன்று. புது உடை, காலில் புதுச் செருப்பு, கையில் ஒரு பொட்டலம் தின்பண்டம். பக்கத்தில் ‘மாமா’ என்று அழைக்கும்படி சொல்லிக்கொடுக்கப்பட்ட ஓர் ஆள். 2009-ல் ஐலா புயலும் 2020-ல் அம்பன் புயலும் சுந்தரவனத்தின் வயல்களில் உப்புநீரைப் பாய்ச்சின. அதன்பின் வேலை தருகிறேன், திருமணம் செய்துவைக்கிறேன் என்று அக்கிராமங்களுக்குள் நுழைந்தவர்களைப் பெற்றோர் பலர் நம்பினார்கள். பெற்றோரே கைப்பிடித்து அனுப்பிய குழந்தையைப் பார்த்து ‘இது கடத்தல்’ என்று ஒரு சுமைகூலியோ தேநீர்க் கடைக்காரரோ எப்படிக் கண்டுகொள்வார்? ஆயினும் அவர்களே பல நேரங்களில் கண்டுகொள்கிறார்கள். நாள்தோறும் ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, குடும்பமல்லாத ஒன்று சட்டென்று உறுத்துகிறது. வாரத்துக்கு ஒருமுறை வெவ்வேறு குழந்தைகளோடு வரும் அதே ‘மாமா’வை அவர்களுக்கு முகம் தெரியும்.

அப்படியிருந்தும் அவர்கள் ஏன் சொல்வதில்லை? சொல்ல வைப்பது எப்படி? இக்கேள்விக்கு விடையாகத்தான் சன்மானத் திட்டங்கள் பேசப்படுகின்றன. துப்புக் கொடுப்போருக்குப் பணம் தருவது நம் நாட்டுக்குப் புதிதன்று. கடத்தல் தங்கம் பற்றித் தகவல் தருபவருக்குச் சுங்கத் துறை சன்மானம் தரலாம். 2018-ல் வருமான வரித் துறை அறிவித்த திட்டத்தின்படி, பினாமிச் சொத்தைக் காட்டிக்கொடுப்பவர் ஒரு கோடி ரூபாய் வரை பெறலாம். சாலை விபத்தில் சிக்கியவரை உரிய நேரத்தில் மருத்துவமனையில் சேர்ப்பவருக்கு 2021-ல் மத்திய அரசு 5,000 ரூபாய் அறிவித்தது. அமெரிக்காவில் 2013-ல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், நாடு கடந்து இயங்கும் ஆள்கடத்தல் கும்பல்களைப் பற்றிய தகவலுக்கும் பெருந்தொகை தர வழிசெய்தது. தங்கத்துக்கு உண்டு, வரிக்கு உண்டு. குழந்தைக்கு மட்டும் ஏன் கூடாது என்று கேட்பவர்களின் வாதம் எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று.

எதிர்வாதமும் வலுவானதே. ஒரு குழந்தை விற்கப்படுவதைக் கண்டவன் அதைச் சொல்லுவது அவன் கடமை. கடமைக்குக் கூலி கேட்கலாமா? கூலி கொடுத்து வாங்கிய சொல், கூலி இல்லாத நாளில் வருமா?

இராமகாதையை இக்கேள்வியோடு படித்தால், அது முழுவதும் ஒரு கடத்தலைக் கண்டவர்களின் கதையாகத் தெரிகிறது. சீதை தூக்கிச் செல்லப்பட்டதைப் பார்த்தவர் ஒருவர் இருவரல்லர். ஜடாயு பார்த்தார், எதிர்த்தார், சிறகு வெட்டுண்டு விழுந்தார். இராமனிடம் செய்தியைச் சொல்லும் வரை உயிரைப் பிடித்து வைத்திருந்தார். அவருக்குக் கிடைத்தது ஈமக்கடன் ஒன்றே. இந்த ஒருவரைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மற்றவர்களை எண்ணிப் பார்ப்பதில்லை.

ருசியமூக மலையின் மேல் சுக்ரீவனும் அவனோடிருந்த நான்கு வானரரும் வானில் ஒரு பெண் அழுதுகொண்டே போவதைக் கண்டார்கள். அவள் தன் நகைகளைத் துணியில் முடிந்து அவர்கள் நடுவே போட்டாள். அவர்கள் அதை எடுத்துக் குகையில் பத்திரமாக வைத்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. கெட்டவர்களா அவர்கள்? இல்லை. சுக்ரீவன் வாலிக்கு அஞ்சி ஒளிந்து வாழ்ந்தவன். தன் தலையே தனக்கு நிச்சயமில்லாதவன் பிறர் துயருக்காக எங்கே போய் முறையிடுவான்? இராமன் வந்து கேட்ட பிறகுதான் அந்த நகை முடிச்சு வெளியே வந்தது.

சம்பாதியின் மகன் சுபார்சுவன் கதை இன்னும் கூர்மையானது. அவன் இராவணனை வழிமறித்தே நின்றான். இராவணன் சண்டையிடவில்லை. பணிவாக, இனிய சொற்களால் வழி கேட்டான். நயமாகப் பேசுபவனை எப்படித் தடுப்பது என்று எண்ணிச் சுபார்சுவன் ஒதுங்கிவிட்டான். ‘அவளை ஏன் மீட்கவில்லை’ என்று தந்தை பிற்பாடு அவனைக் கடிந்துகொண்டதாக வால்மீகி சொல்கிறார். ரயில் பெட்டியில் புன்னகையோடு ஒதுங்கி இடம் தரும் ‘மாமா’வைப் பார்த்துச் சந்தேகத்தை விழுங்கிக்கொண்ட பயணிகள் எத்தனை பேரோ!

சன்மானமும் அக்கதையில் வருகிறது. தென்திசைக்கு வானரரை அனுப்பும்போது, ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்து ‘கண்டேன் சீதையை’ என்று முதலில் சொல்பவன் தனக்கு நிகரான செல்வத்தோடு வாழ்வான் என்று சுக்ரீவன் அறிவிக்கிறான். துப்புக்குப் பரிசு அறிவித்த அரசன் என்று அவனைச் சொல்லலாம். கடற்கரையில் சிறகிழந்து கிடந்த சம்பாதிக்கோ, சீதையின் செய்தியைச் சொல்லும் நாளில் சிறகு முளைக்கும் என்று நிசாகர முனிவர் முன்பே கூறியிருந்தார். செய்தி சொன்னார், சிறகு முளைத்தது. கம்பர் அதை இராமநாமத்தின் மகிமையாகப் பாடினார். வால்மீகியில் அது உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த பயனாகவே நிற்கிறது. ஆதாயம் உண்டென்று தெரிந்தே சொன்ன சம்பாதியை எந்த உரையாசிரியரும் பழித்ததில்லை. அவர் சொன்ன செய்தி அந்த ஆதாயத்தால் பொய்யாகிவிடவும் இல்லை. உண்மையில் சீதையைக் கண்டு வந்த அனுமனோ சுக்ரீவன் அறிவித்த செல்வத்தைக் கேட்டதாகக் கதையில் இல்லை. இராமன் அவனுக்குத் தந்தது ஒரு தழுவல். அதுவே தன்னிடம் இருந்த அனைத்தும் என்று சொல்லித் தந்தான்.

ஆக, ஒரே காதையில் பரிசின்றி உயிர்விட்ட ஜடாயுவும், பரிசு பெற்ற சம்பாதியும், பரிசை நினையாத அனுமனும், பார்த்தும் பேசாதிருந்தவர்களும் அருகருகே இருக்கிறார்கள். முதல் மூவரிடையே உயர்வு தாழ்வு காணலாம். நான்காமவர்களுக்கும் அம்மூவருக்கும் இடையே உள்ள தூரமே பெரிது.

‘எனக்கெதற்கு வம்பு’ என்று பேசாதிருப்பவர் பலர் அதைச் சாந்தம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். கீதை விளக்கும் முக்குணங்களில் அது தமோகுணம். சத்துவகுணத்தின் போர்வையைப் போர்த்திக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. பயனை விரும்பிச் செய்யும் செயலைக் கீதை ராஜசம் என்கிறது. பயன் கருதாத செயலினும் அது தாழ்ந்தது; ஆனால் செயலின்மையினும் மேலானது. ஆயிரம் ரூபாய்க்காக ஒருவர் தொலைபேசியை எடுத்தால் அவர் முனிவராகிவிட மாட்டார். ஆனால் அந்த இரவு ஒரு சிறுமி வேறிடத்தில் உறங்குவாள். சொல்பவரின் ஆன்ம முன்னேற்றத்துக்காகக் குழந்தையைக் காத்திருக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இத்தோடு வழக்கு முடிந்துவிட்டது என்று எண்ணினால் தவறு. பணம் ஒரு செயலுக்குள் நுழையும்போது, அச்செயலின் தன்மையையே மாற்றிவிடும் ஆற்றல் அதற்கு உண்டு. இந்தியாவில் ஒரு காலத்தில் ரத்தத்தை விற்பது தொழிலாக இருந்தது. வறுமையால் மீண்டும் மீண்டும் விற்றவர்களின் ரத்தம், நோயாளிக்கு நோயையும் சேர்த்துக் கொடுத்தது. உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி முதல் அத்தொழில் நிறுத்தப்பட்டது. காசு நின்றால் ரத்தமே கிடைக்காது என்று அஞ்சியவர்கள் பலர். தன்னார்வ ரத்ததானமே இன்று ரத்த வங்கிகளைத் தாங்கி நிற்கிறது. விலை வைக்கப்பட்டபோது விற்பனையாளர்கள் வந்தார்கள். விலை அகற்றப்பட்டபோது கொடையாளர்கள் வந்தார்கள்.

ஆள்கடத்தலைப் பொறுத்தவரை விலை என்னும் சொல்லுக்கே ஒரு கறை உண்டு. அத்தொழில் நடப்பதே தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து மொரீஷியஸுக்கும் டிரினிடாடுக்கும் பிஜிக்கும் ஒப்பந்தக் கூலிகள் ஏற்றப்பட்டபோது, ‘ஆர்காட்டி’ எனப்பட்ட ஆள்பிடித் தரகர்கள் கிராமம் கிராமமாகச் சென்று தலைக்கு இவ்வளவு என்று வாங்கினார்கள். தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணிக்கும் தலைக் கணக்கில் காசு உண்டு. மீட்பவனுக்கும் தலைக் கணக்கில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது.

1807-ல் பிரிட்டன் அடிமை வாணிபத்தைத் தடைசெய்தபோது, அடிமைக் கப்பலைப் பிடிக்கும் கடற்படையினருக்கு வெகுமதி அறிவித்தது. மீட்கப்படும் ஒவ்வோர் ஆணுக்கும் 40 பவுன், பெண்ணுக்கு 30 பவுன், குழந்தைக்கு 10 பவுன் வரை. நோக்கம் நல்லதே. பல்லாயிரம் பேர் மீட்கப்பட்டதும் மெய்யே. ஆனால் வெறுங்கப்பலைப் பிடித்தால் வெகுமதி இல்லை. பல நாடுகளோடு இருந்த உடன்படிக்கைகளும் அடிமைகள் ஏற்றப்பட்ட பிறகே கப்பலைப் பிடிக்க அனுமதித்தன. கரையில் மக்களை ஏற்றும்வரை விட்டுவிட்டுப் பிறகு துரத்துகிறார்கள் என்ற குற்றச்சாட்டு கடற்படையின்மீது எழுந்தது. விலங்குகளும் பெரிய நீர்த்தொட்டிகளும் இருப்பதைக் கண்டாலே பிடிக்கலாம் என்று ஸ்பெயினோடு உடன்படிக்கை ஏற்பட்டது 1835-ல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் கப்பலின் அடித்தட்டில் மூச்சுமுட்டி இறந்தவர்கள், அந்தக் கணக்கிலும் இந்தக் கணக்கிலும் சேராமல் போனவர்கள்.

வெகுமதி எதிர்த் திசையிலும் பாயும். 1850-ல் அமெரிக்காவில், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தரும் சட்டம் ஒன்று வந்தது. பிடிபட்டவர் அடிமையே என்று தீர்ப்பளித்தால் விசாரணை அதிகாரிக்கு 10 டாலர். விடுதலை செய்தால் 5 டாலர். அதிக எழுத்துவேலைக்கு அதிகக் கட்டணம் என்று அதற்கு விளக்கமும் கூறினார்கள்! சொல்பவன் மீது மட்டுமன்றி, எதைச் சொன்னால் எவ்வளவு என்று எழுதுபவன் மீதும் பாவம் சேரும் என்பதற்கு அந்த ஐந்து டாலர் வித்தியாசமே சாட்சி.

ஹவுராவுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். ‘மீட்கப்பட்ட குழந்தை ஒன்றுக்கு இவ்வளவு’ என்று அறிவித்தால், வேலை தேடித் தன் அண்ணனோடு பயணம் செய்யும் பதினெட்டு வயது இளைஞனும் ‘மீட்கப்படுவான்’. வங்காளத்துக் கூலித் தொழிலாளர்கள் சொந்த விருப்பத்தோடு குடும்பமாகச் சென்னைக்கும் திருப்பூருக்கும் வருகிறார்கள். அவர்களுடைய மொழியோ மதமோ சிலருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். காசு கிடைக்கும் என்றால் அந்த வெறுப்பு, துப்பு என்ற பெயரில் வெளிவரும். இதனை முன்னோர் அறியாதவர்களல்லர். அரசுப் பொருள் களவாடப்படுவதைச் சொல்பவனுக்கு ஆறில் ஒரு பங்கு, அவன் அரசு ஊழியனாக இருந்தால் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று விதித்த அர்த்தசாஸ்திரம், மெய்ப்பிக்க முடியாத குற்றச்சாட்டைச் சொன்னவனுக்குத் தண்டனையும் விதித்தது. ஊழியனுக்குப் பாதிப் பங்கு ஏன்? கண்டதைச் சொல்லுவது ஏற்கெனவே அவன் வாங்கும் சம்பளத்துக்குள் அடங்கியது. இந்த நுட்பம் இன்றைய திட்டங்களுக்கும் தேவை. நிலையத்தில் காவல் காப்பவருக்கும் பெட்டி சுமப்பவருக்கும் ஒரே அளவுகோல் கூடாது.

பெட்டி சுமப்பவரின் நிலையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். தர்மம் பேசும் பலர் அவரிடம் ஜடாயுவை எதிர்பார்க்கிறார்கள். அவருக்கு மாதச் சம்பளம் இல்லை. தலையில் ஏறிய சுமைக்குத்தான் கூலி. ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்லக் காவல் அறைக்குப் போனால், அங்கே வாக்குமூலம், காத்திருப்பு. இரண்டு மெயில் வண்டிகள் வந்து போய்விடும். பிறகு நீதிமன்ற அழைப்பு. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். அழைக்கப்படும் ஒவ்வொரு நாளும் அடுப்பு எரியாத நாள். அந்த ‘மாமா’வின் ஆட்களோ அதே நடைமேடையில் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இத்தனையையும் தாங்கச் சொல்லிவிட்டு, ‘தொண்டுக்குக் கூலியா’ என்று கேட்பவர், தம் பங்குக்கு ஒருவேளை உணவையேனும் இழந்ததுண்டா?

அவருக்குத் தரப்படும் பணத்தை விலை என்று கொள்வதைவிட, சொன்னதால் நேர்ந்த இழப்பை ஈடுசெய்வது என்று கொள்வதே பொருத்தம். விலை, பிடிபட்ட தலைகளை எண்ணும். ஈடு, சொன்னவர் இழந்த நாள்களை எண்ணும். சாட்சிக்கு நீதிமன்றத்தில் படி வழங்க நெடுங்காலமாகவே சட்டத்தில் இடம் இருக்கிறது. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டமும் இருக்கிறது. காகிதத்தில் இருப்பது நடைமேடைக்கு வந்து சேர்ந்தால், புதுச் சன்மானங்களுக்கான தேவையில் பாதி குறைந்துவிடும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவு, ஒரு சிறாரைக் கடத்தினால் பத்தாண்டுகளுக்குக் குறையாத சிறை என்கிறது. ஆயுள் வரையும் அது நீளலாம். தண்டனை எவ்வளவு கடுமையாக இருந்தாலும், சாட்சி வராத நாளில் அது வெறும் எழுத்தே.

இன்னொரு பகுதியினர் இருக்கிறார்கள்: குளிர்சாதனப் பெட்டியில் பயணம் செய்பவர்கள், விடுதி நடத்துபவர்கள், வீட்டுவேலைக்கு ஒரு ‘சின்னப் பெண்’ணை ஏற்பாடு செய்து தரும்படி தரகரிடம் சொல்லிவைப்பவர்கள். இவர்களுக்கு இழப்பு என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. சிறார் பாலியல் குற்றத் தடுப்புச் சட்டம், அத்தகைய குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாதிருப்பதையே தண்டனைக்குரியதாக்கி இருக்கிறது. சட்டமே கட்டளையிட்ட ஒன்றுக்கு இவர்கள் சன்மானம் எதிர்பார்த்தால், அது இலஞ்சத்தின் இன்னொரு வடிவமாகவே முடியும். மேலும், கடைசியில் அந்தக் குழந்தையை விலைக்கு வாங்குவது யார்? ஹவுரா மாவட்டத்தின் ஜரிகைப் பட்டறைகளில் சிறுவர்களின் விரல்கள் தைத்த ஆடை, வாங்கக்கூடிய வீடுகளுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

தகவல் சொன்னவரை எப்படிப் பாராட்டுவது என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மேடை போட்டு, சால்வை போர்த்தி, மீட்கப்பட்ட குழந்தையைப் பக்கத்தில் நிறுத்திப் புகைப்படம் எடுத்தால் திட்டம் விளம்பரம் பெறும். சொன்னவர் மறுநாள் அடையாளம் காணப்படுவார். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது சிறார் நீதிச் சட்டப்படி குற்றமும் ஆகும். வள்ளுவர் ‘ஒற்றாடல்’ அதிகாரத்தின் கடைசிக் குறளில் இதைத்தான் எச்சரிக்கிறார்: ஒற்றனுக்குப் பலரறியச் சிறப்புச் செய்தால், மறைவாக இருக்க வேண்டியதை அரசனே வெளிப்படுத்தியவன் ஆவான். பத்துக் குறளில் ஒன்றை இதற்கென ஒதுக்கினார் என்றால், பாராட்டும் ஆசையில் அரசர்கள் செய்த பிழைகளை அவர் கண்டிருக்க வேண்டும். உறையில் போட்டு, பெயர் எழுதாமல், யாரும் பார்க்காதபோது தரப்படும் ஈடே சொன்னவரை உயிரோடு வைத்திருக்கும்.

ஹவுராவிலிருந்து சென்னை மெயிலில் புறப்படும் தமிழ்ப் பயணிகளுக்கு முன் ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர் வழி இருக்கிறது. எதிர் இருக்கையில் ஒரு குழந்தை தான் எங்கே போகிறோம் என்பதை அறியாமல், உடன் வருபவரின் பெயரும் தெரியாமல், ஏதேனும் கேட்டால் அவர் முகத்தையே பார்த்துவிட்டுப் பதில் சொல்லுமானால், அந்த ஆளிடம் நேரில் விசாரணை செய்வது ஆபத்து. அவன் அடுத்த நிலையத்தில் குழந்தையோடு இறங்கி மறைந்துவிடுவான். எழுந்து பெட்டியின் கதவருகே சென்று, சிறார் உதவி எண்ணான 1098, ரயில்வே எண்ணான 139, அவசர எண்ணான 112 இவற்றில் ஒன்றை அழைத்து, வண்டி எண், பெட்டி, படுக்கை எண், அடுத்து நிற்கும் நிலையம் ஆகியவற்றைச் சொன்னால் போதும். 2022 முதல் ரயில்வே பாதுகாப்புப் படை ஆள்கடத்தல் தடுப்புக்கென்றே தனி நடவடிக்கையைத் தொடங்கி, நிலையங்களில் அதற்கான பிரிவுகளை அமைத்திருக்கிறது. சந்தேகம் தவறாக இருந்தால் ஒரு குடும்பம் பத்து நிமிடம் சங்கடப்படும். ஹவுராவை விட்டால் கரக்பூர் சுமார் 115 கிலோமீட்டர். வண்டி அங்கே போய்ச் சேர இரண்டு மணி நேரம்கூட ஆகாது.